அடுத்த தெருவில் பள்ளிவாசல்: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் ஏதேனும் ஒரு மனையின் வேலியில் மாநகராட்சி விண்ணப்பத்துக்கான அறிவிப்புப் பலகை தொங்கினால், அன்று மாலைக்குள் அதன் படம் தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது. பலகையில் ‘வழிபாட்டுத் தலம்’ என்று எழுதியிருந்து, விண்ணப்பித்தது ஒரு முஸ்லிம் அறக்கட்டளை என்றும் தெரிந்துவிட்டால், மறுநாளே பெயரையும் வீட்டு எண்ணையும் மட்டும் நிரப்பி அனுப்பக்கூடிய எதிர்ப்புக் கடிதம் ஒன்றும் வந்து சேர்கிறது. கோயில் நிர்வாகக் குழுவில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்த எனக்கும் அப்படி ஒன்று வந்தது. கோயிலின் பெயர் பொறித்த தாளில் அதை அச்சிட்டு அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். நான் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று நம்மவர்கள் பலர் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களையும், பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இந்நாட்டில் பிறந்த நம் பிள்ளைகளுள் தமிழ் படிப்போர் குறைவு. இதைப் படிக்கப்போகிறவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அண்மையில் வந்த குருக்கள், இசைக்கலைஞர்கள், கடை ஊழியர்கள் என்பதால், இந்நாட்டுச் சட்டத்தை அடியிலிருந்தே விளக்கியிருக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். குறிப்பிட்ட ஒரு விண்ணப்பம் பற்றி முடிவெடுக்கும் முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு மத உரிமையைப் பற்றி என்ன சொல்கிறது?

1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 1997 பிப்ரவரி 4 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 15ஆம் பிரிவு மனச்சான்று, மதம், சிந்தனை, நம்பிக்கை, கருத்து ஆகியவற்றுக்கான சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. 31ஆம் பிரிவு, ஒரு பண்பாட்டு, மத அல்லது மொழிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அந்தச் சமூகத்தின் மற்றவர்களோடு சேர்ந்து தங்கள் மதத்தைக் கடைப்பிடிக்கவும் அதற்கான சங்கங்களை அமைத்து நடத்தவும் உரிமை தருகிறது. சேர்ந்து வழிபட ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் 31ஆம் பிரிவு காகிதத்தோடு நின்றுவிடும். 9ஆம் பிரிவு, அரசோ தனிமனிதரோ மதத்தின் அடிப்படையில் யாரையும் நியாயமின்றிப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது.

இவை வரம்பில்லாத உரிமைகள் அல்ல. திறந்த மக்களாட்சியில் நியாயமானது என்று ஏற்கத்தக்க பொதுவான சட்டத்தால் இவற்றுக்கு எல்லை வகுக்கலாம் என்று 36ஆம் பிரிவு சொல்கிறது. நகரத் திட்டச் சட்டம் அத்தகைய பொதுச் சட்டங்களுள் ஒன்று. பள்ளிவாசல், கோயில், தேவாலயம், மதுக்கடை, மழலையர் பள்ளி அனைத்துக்கும் அது பொருந்தும்.

அப்படியானால் மனை வாங்கிய எவரும் அதில் பள்ளிவாசல் கட்டிவிடலாமா?

கட்டிவிட முடியாது. எந்த மனையில் என்ன செய்யலாம் என்பதை மாநகராட்சியின் நிலப் பயன்பாட்டுத் திட்டம் தீர்மானிக்கிறது. இதற்கான தேசியச் சட்டம், ஸ்புளூமா என்று சுருக்கமாக அழைக்கப்படும் 2013ஆம் ஆண்டின் 16ஆம் எண் சட்டம். அது 2015 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வழிபாட்டுக்கென ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட மனையென்றால் கட்டட வரைபட ஒப்புதல் போதும். குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட மனையென்றால் பெரும்பாலும் சிறப்பு இசைவு பெறவேண்டும், அல்லது மண்டலத்தையே, அதாவது அந்த மனைக்கு ஒதுக்கிய பயன்பாட்டு வகையையே, மாற்றவேண்டும். இவற்றோடு, பழைய நிலப் பத்திரங்கள் சிலவற்றில் ‘ஒரு குடியிருப்பு வீடு மட்டுமே’ என்பது போன்ற நிபந்தனை இருக்கும்; அதை நீக்குவதற்குத் தனி நடைமுறை உண்டு.

சிறப்பு இசைவுக்கோ மண்டல மாற்றத்துக்கோ விண்ணப்பித்தவர் அக்கம்பக்கத்தாருக்கு அறிவிக்க வேண்டும். மனையில் பலகை வைப்பதும் நாளிதழில் விளம்பரம் தருவதும் அடுத்த வீட்டாருக்குக் கடிதம் அனுப்புவதும் இதற்காகத்தான். கருத்துச் சொல்லப் பொதுவாக 30 நாள் அவகாசம் இருக்கும். கடைசி நாள் பலகையிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

வரைபட ஒப்புதல் இதிலிருந்து வேறுபட்டது, பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். மண்டல விதிக்கு உட்பட்ட கட்டடத்தின் வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் முன் அண்டை வீட்டாரை மாநகராட்சி கேட்டாக வேண்டியதில்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2008இல் கேப் டவுன் வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. ஆகவே வழிபாட்டுக்கென ஒதுக்கிய மனையில் வேலை தொடங்கும்போது ‘எங்களை யாரும் கேட்கவில்லையே’ என்பது மட்டுமே முறையீட்டுக்குக் காரணமாகாது.

எதிர்ப்புத் தெரிவித்தாலே மதவெறுப்பு என்று ஆகிவிடுமா?

ஆகாது. அண்டை வீட்டாருக்குச் சட்டம் தந்த உரிமை அது. அதைப் பயன்படுத்துகிறவரை வெறுப்பாளர் என்று முத்திரை குத்துவது அநியாயம். பள்ளிவாசல் நிர்வாகிகள் சிலர் அவசரப்பட்டு அப்படிப் பேசிவிடுவதையும் நான் கண்டிருக்கிறேன்.

வழிபாட்டுத் தலம் ஒன்று வந்தால் தெருவுக்கு உண்மையாகவே சில சிரமங்கள் வரும். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ தொழுகைக்கு வருகிறவர்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் கலைகிறார்கள். மனைக்குள் வண்டி நிறுத்த இடம் போதவில்லையென்றால் தெருவின் இரு ஓரமும் நிரம்பும். வீட்டு வாசல்கள் அடைபடும். ஆம்புலன்ஸ் நுழைய முடியாது. நோன்பு மாதத்தில் இரவுத் தொழுகை நேரம் கழித்தே முடியும். மதரசாவும் சேர்ந்து இயங்குமானால் பிற்பகலில் பிள்ளைகளை இறக்கிவிடவும் ஏற்றிச்செல்லவும் வண்டிகள் வரும். மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் ஒரு குடும்பத்தின் அளவுக்குப் போடப்பட்டவை. கை, கால், முகம் கழுவி ஒளூச் செய்யும் நூறு பேருக்கு அவை போதுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. மொட்டை மாடியிலிருந்து பக்கத்து வீட்டு முற்றம் தெரியுமா, கட்டடத்தின் உயரம் எவ்வளவு, மனை எல்லையிலிருந்து எத்தனை மீட்டர் விட்டிருக்கிறார்கள் என்பவையும் அப்படியே.

இவற்றைக் கேட்கிறவர் எண்ணிக்கையோடு கேட்கவேண்டும். ‘போக்குவரத்து மோசமாகும்’ என்ற ஒரு வரிக்கு மதிப்பில்லை. தெருவின் அகலம், இப்போது வெள்ளிக்கிழமை நண்பகலில் செல்லும் வண்டிகளின் எண்ணிக்கை, விண்ணப்பத்தில் காட்டிய இருக்கைகளும் வண்டி நிறுத்துமிடங்களும் எவ்வளவு என்று எழுதினால், விண்ணப்பத்தை முடிவு செய்யும் மாநகராட்சியின் திட்டத் தீர்ப்பாயம் அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். பலமுறை அந்தப் பதில் முழு மறுப்பாக இராது, நிபந்தனையாக இருக்கும். இத்தனை பேருக்கு மேல் கூடக்கூடாது, இத்தனை வண்டிகளுக்கு உள்ளேயே இடம் வேண்டும், வெளியே ஒலிபெருக்கி கூடாது, வெள்ளிக்கிழமை போக்குவரத்தை ஒழுங்கு செய்யத் தொண்டர்கள் நிற்கவேண்டும் என்பன போன்றவை. நல்ல எதிர்ப்புக் கடிதம் எழுதிய அண்டை வீட்டாருக்கு இவை கிடைக்கின்றன. நகலெடுத்து ஆளுக்கொன்றாக அனுப்பிய நூறு கடிதங்கள் எடையில் ஒரே கடிதம்தான்.

எந்தக் காரணங்களைச் சொல்லக் கூடாது?

எனக்கு வந்த கடிதத்தில் நான்கு காரணங்கள் இருந்தன. இந்தப் பகுதியில் முஸ்லிம்கள் அதிகம் இல்லை என்பது முதலாவது. மூன்று கிலோமீட்டரில் ஏற்கெனவே ஒரு பள்ளிவாசல் இருக்கிறது என்பது இரண்டாவது. பள்ளிவாசல் வந்தால் முஸ்லிம்கள் வீடு வாங்கத் தொடங்குவார்கள், பகுதியின் தன்மையே மாறிவிடும் என்பது மூன்றாவது. சொத்து மதிப்பு குறையும் என்பது நான்காவது.

முதல் இரண்டும் நிலப் பயன்பாட்டைப் பற்றியவை அல்ல. ஒரு சமூகத்துக்கு எத்தனை வழிபாட்டுத் தலம் போதும் என்று அடுத்த சமூகம் முடிவு செய்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. இப்படிச் சொல்லலாம் என்றால், மூன்று கிலோமீட்டரில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கும்போது முருகன் கோயில் எதற்கு என்று எவரும் நம்மைக் கேட்கலாம். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் முஸ்லிம்கள் 1.6 விழுக்காடு, இந்துக்கள் 1.1 விழுக்காடு. ‘அதிகம் இல்லை’ என்ற வாதத்தை நாம் கையில் எடுத்தால் அது நம்மீதே முதலில் திரும்பும்.

மூன்றாவது காரணத்தைப் படித்தபோது எனக்கு மனம் கசந்தது. யார் எந்தப் பகுதியில் வீடு வாங்கலாம், எந்தப் பகுதியின் ‘தன்மை’ எப்படி இருக்கவேண்டும் என்று அரசு தீர்மானித்த காலத்தில் வாழ்ந்தவர்கள் நம் பெற்றோர். இனவாரியாக வாழிடங்களைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டம் 1950இல் வந்தது, அது 1991இல்தான் நீக்கப்பட்டது. டர்பனின் கேட்டோ மேனரில் மரமும் தகரமுமாக வீடு கட்டி, காய்கறித் தோட்டம் போட்டு, கோயில் எழுப்பி வாழ்ந்த இந்தியக் குடும்பங்கள் அச்சட்டத்தால் சாட்ஸ்வொர்த்துக்கும் பிற இடங்களுக்கும் பெயர்க்கப்பட்டன. வீடுகள் இடிக்கப்பட்டன, கோயில்கள் சில மட்டும் மக்களில்லாத மேட்டில் நின்றன. அப்படி நின்ற உம்பிலோ ஸ்ரீ அம்பலவாணர் ஆலயத்துக்கு இன்றும் பிற ஊர்களிலிருந்து வண்டி பிடித்து வருகிறோமே, அதற்குக் காரணம் இதுதான். ரிவர்சைடில் உம்கேனி ஆற்றங்கரையில் சூஃபி சாகிப் என்ற முஸ்லிம் ஞானியின் பள்ளிவாசலுக்கும் இதே கதி நேர்ந்தது: அந்தப் பகுதி வெள்ளையருக்கென்று அறிவிக்கப்பட்டது, தொழுகிறவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், கட்டடம் நின்றது. அம்பலவாணர் கோயிலின் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் ‘பகுதியின் தன்மை’ என்ற சொற்களை ஒரு கடிதத்தில் எழுதிக் கையெழுத்திடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சொத்து மதிப்பு குறையும் என்பதும் செல்லாத வாதமா?

அதை அப்படித் தள்ளிவிட முடியாது. 1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் கட்டட ஒழுங்குமுறைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஒரு கட்டடம் அண்டைச் சொத்துகளின் மதிப்பைக் குறைக்கக்கூடும் என்றால் வரைபடத்துக்கு ஒப்புதல் மறுக்கவேண்டும் என்கிறது. ஆனால் மதிப்புக் குறைவு என்று நீதிமன்றங்கள் எதைக் கொள்கின்றன என்று பார்க்கவேண்டும். மண்டல விதிகளையும் சூழலையும் அறிந்த ஒரு நியாயமான வாங்குநர், இந்த இடத்தில் இப்படியொரு கட்டடம் வரலாம் என்று முன்கூட்டி எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவை மீறி அக்கட்டடம் பாதிக்கிறதா என்பதே அளவுகோல். அளவுக்கு மீறிய உயரமும் வெளிச்சத்தை அடைக்கும் சுவரும் அதற்குள் வரும். உள்ளே தொழுகிறவர்களைப் பிடிக்காத காரணத்தால் குறைந்த விலை கேட்பவர் அந்த நியாயமான வாங்குநர் ஆகமாட்டார் என்பது என் கருத்து. 9ஆம் பிரிவை வைத்துக்கொண்டு வேறுவிதமாக வாதிடுவது கடினம். பள்ளிவாசலுக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு வேண்டும் என்று கூடுதல் விலை கொடுப்போரும் இருக்கிறார்கள் என்பதை டர்பனில் வீடு விற்ற எவரும் அறிவார்.

பாங்கு ஒலி பற்றிய வழக்கில் நீதிமன்றம் முஸ்லிம்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததாகச் சொல்கிறார்களே?

பாதிக் கதைதான் பரவியிருக்கிறது. டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ கடற்கரைப் பகுதியில் ஒரு மதரசாவின் எதிர்வீட்டில் வசித்த இந்து ஒருவர் வழக்குத் தொடுத்தார். பாங்கு ஒலி தம் வீட்டுக்குள் கேட்பது தம்மைப் பாதிக்கிறது என்பதோடு, மதரசாவால் அப்பகுதியே முஸ்லிம் சாயல் பெற்றுவிட்டது என்றும், அது அங்கே இயங்கவே கூடாது என்றும் அவர் வாதிட்டார். 2020இல் உயர் நீதிமன்றம், மதரசாவை அகற்றும் கோரிக்கையை ஏற்கவில்லை; ஆனால் பாங்கு அவர் வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்று ஆணையிட்டது. அந்தச் செய்திதான் இன்றும் சுற்றி வருகிறது. மதரசா மேல்முறையீடு செய்தது. 2022இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கிவிட்டது.

அண்டை வீட்டு ஒலி தொல்லையா என்பதை இந்நாட்டுச் சட்டம் நியாயம் என்ற அளவுகோலால் அளக்கிறது. எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம், நாளில் எப்போது, அந்தப் பகுதி எத்தகையது, சராசரி மனிதர் ஒருவர் அதைப் பொறுத்துக்கொள்வாரா என்று பார்க்கவேண்டும். கேட்கிறவருக்கு அந்த மதத்தின்மீது உள்ள மனத்தாங்கல் அந்த அளவுகோலில் சேராது. அதே நேரம், வெளிப்புற ஒலிபெருக்கியை அதிகாலையில் உச்ச அளவில் வைப்பது பாதுகாக்கப்பட்ட உரிமை என்று அந்தத் தீர்ப்பைப் படிப்பதும் தவறு. ஒலி குறித்த மாநகராட்சித் துணைவிதிகள் அப்படியே நிற்கின்றன. அவை கோயில் மணிக்கும் மேளத்துக்கும் பொருந்தும்.

நம் கோயில்களுக்கும் இதே விதிகள்தானா?

அதே விதிகள்தான், ஓர் எழுத்துகூட மாறாது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கோயில் பக்கத்து மனையை வாங்கித் திருமண மண்டபமும் அன்னதானக் கூடமும் கட்ட விண்ணப்பித்தது. வந்த எதிர்ப்புக் கடிதங்களை நான்தான் கோப்பில் அடுக்கினேன். காவடி நாளில் தெருவை அடைக்கிறார்கள் என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது உண்மை, பதில் சொன்னோம், வண்டி நிறுத்த வரைபடத்தை மாற்றினோம். உடுக்கையும் தவிலும் ‘காட்டுமிராண்டிச் சத்தம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அருள் வந்து ஆடுகிறவர்களைப் பிள்ளைகள் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்றும், இது கிறிஸ்தவப் பகுதி என்றும், இங்கே இந்துக்கள் அதிகம் இல்லை என்றும் வேறு சிலர் எழுதியிருந்தார்கள். அந்தக் கடைசி வரியை, சமூகத்தின் பெயர் மட்டும் மாற்றப்பட்டு, எனக்கு வந்த வாட்ஸ்அப் கடிதத்தில் மறுபடி கண்டேன். கோயிலின் தாளில் அதை அச்சிட முடியாமல் போனதற்கு இதுவே முதல் காரணம்.

ஒவ்வொரு தீபாவளியின்போதும் வெடி குறித்துப் புகார்கள் எழுகின்றன. கோயில் மணிகுறித்தும் புகார்கள் எழுந்ததுண்டு. அப்போதெல்லாம் நாம் எதைப் பற்றிக்கொண்டு பேசுகிறோம்? அதே 15ஆம் பிரிவையும் 31ஆம் பிரிவையும்தான். டர்பனில் பள்ளி ஒன்றில் படித்த தமிழ்ப் பெண் மூக்குத்தி அணிந்து வரக்கூடாது என்று தடுக்கப்பட்டபோது, வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம்வரை சென்றது. மூக்குத்தி அணிவது மதக் கட்டாயம் அல்ல, விருப்பத்தின்பேரில் கடைப்பிடிக்கும் வழக்கமே என்று பள்ளித் தரப்பு வாதிட்டும், அதுவும் பாதுகாப்புக்குரியது, பள்ளி அதற்கு இடமளித்திருக்க வேண்டும் என்று 2007இல் தலைமை நீதிபதி பயஸ் லங்காவின் தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்பால் தலையில் துணி அணியும் முஸ்லிம் மாணவியரும் பயன்பெற்றார்கள். அவர்கள் வெல்லும் வழக்கில் நமக்கும் பங்கு வருகிறது.

முஸ்லிம்களுக்கும் நமக்கும் இந்நாட்டில் பழைய தொடர்பு ஏதும் உண்டா?

ஒரே கப்பலில் வந்தவர்கள். 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பன் துறைமுகம் சேர்ந்த ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டது. அதில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 1911வரை டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர் 152,000க்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே ஏறியவர்கள். கரும்புத் தோட்டத்து வரிசை வீடுகளில் மதம் பார்த்து அறை ஒதுக்கவில்லை. முஹர்ரம் பஞ்சா ஊர்வலத்தில் கூண்டு கட்டித் தூக்கியவர்களில் இந்துத் தொழிலாளர்கள் ஏராளம். அது கூலிகள் அனைவருக்கும் பொதுவான திருவிழாவாகவே நடந்தது. டர்பன் புரூக் தெரு இடுகாட்டில் உள்ள பாதுஷா பீர் தர்காவுக்கு இன்றும் தமிழ்க் குடும்பங்கள் நேர்ந்துகொண்டு போகின்றன. அவரும் ஒப்பந்தக் கூலியாக வந்தவர் என்பதே மரபுச் செய்தி.

டர்பன் நகர மையத்தில் கிரே தெரு ஜும்ஆ பள்ளிவாசலுக்கான மனை 1881இல் வாங்கப்பட்டது. பள்ளிவாசலுக்கும் இம்மானுவேல் தேவாலயத்துக்கும் நடுவே மதரசா ஆர்கேட் கடைத்தெரு ஓடுகிறது. பொங்கலுக்குத் துணியும் மஞ்சளும் வாங்க அந்தக் கடைகளுக்கு நம் பாட்டிமார் சென்ற நாள்களில், பாங்கும் தேவாலய மணியும் ஒரே வீதியில் கேட்டன.

கேப் டவுனில் வரலாறு இன்னும் கடுமையானது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இஸ்லாத்தை வெளிப்படையாகக் கடைப்பிடிப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. ராபன் தீவில் சிறைவைக்கப்பட்டிருந்த மார்க்க அறிஞர் துவான் குரு விடுதலைக்குப் பின் இமாமாகத் தலைமையேற்ற அவ்வல் பள்ளிவாசல், போ-காப் பகுதியின் டார்ப் தெருவில் 1794இல் தொடங்கியது. மத சுதந்திரத்தை அறிவித்த, டச்சு ஆணையர் டி மிஸ்டின் ஆணை வந்ததோ 1804இல். அனுமதி பிறப்பதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, அடிமைகளும் நாடுகடத்தப்பட்டவர்களும் தொழுகைக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள்.

எங்கள் ஊரில் கோயில்களுக்குக் கொடுமை இழைத்திருக்கிறார்களே, இங்கே நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைப் புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள்; அவர்கள் பட்ட துயரம் பொய்யன்று. ஆனால் அத்துயரத்துக்கும் இந்த மனையில் விண்ணப்பித்தவருக்கும் தொடர்பு இல்லை. அவர் குடும்பம் நான்கைந்து தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கலாம். மாநகராட்சியின் தீர்ப்பாயம் வெளிநாட்டு நிகழ்ச்சி எதையும் எடுத்துக்கொள்ளாது.

பாதுகாப்புக்கு ஆபத்து என்று பயப்படுகிறோமே?

பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இந்நாட்டில் எல்லோர் வீட்டுச் சுவரிலும் மின்வேலி இருக்கிறது. ஆனால் டர்பனுக்கு வடக்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த வெருலம் பகுதியில் 2018 மே மாதம் இமாம் ஹுசைன் பள்ளிவாசலில் நடந்தது என்ன? கத்தியோடு புகுந்தவர்களால் தொழவந்தவர்கள் தாக்கப்பட்டார்கள், ஒருவர் உயிரிழந்தார், கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. 2017 ஜனவரியில் கேப் டவுனருகே சைமன்ஸ் டவுன் பள்ளிவாசலில் பன்றியின் மூக்கை வைத்துவிட்டுப் போனார்கள். இந்நிகழ்ச்சிகளில் தாக்கப்பட்டது பள்ளிவாசல்.

பள்ளிவாசலை எதிர்ப்போர் எப்போதும் பிற மதத்தாரா?

இல்லை. 2014இல் கேப் டவுனின் வைன்பெர்க் பகுதியில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து தொழலாம், எப்பிரிவினரும் வரலாம் என்று ‘திறந்த பள்ளிவாசல்’ ஒன்று தொடங்கப்பட்டபோது, கடும் எதிர்ப்பு முஸ்லிம்களிடமிருந்தே வந்தது. கட்டடத்துக்குத் தீ வைக்கும் முயற்சியும் நடந்தது. அதே வேளையில் வண்டி நிறுத்துமிடம் போதவில்லை, மண்டல அனுமதி இல்லை என்று மாநகராட்சியும் நோட்டீஸ் அனுப்பியது. நம்பிக்கையைப் பிடிக்காதவர் நம்பிக்கையைப் பற்றிப் பேசாமல் பார்க்கிங்கைப் பற்றிப் பேசும் வாய்ப்பு எங்கும் உண்டு. பார்க்கிங் உண்மையாகவே போதாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் தீர்ப்பாயம் இருக்கிறது.

விண்ணப்பிக்கும் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்குப் பொறுப்பு ஒன்றும் இல்லையா?

நிறைய உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது ஒருதலைப்பட்சம். வீடு என்று வாங்கி, சில மாதம் ஐந்தாறு பேர் தொழுது, பிறகு நூறு பேர் கூடும்போது அனுமதி கேட்பது பல இடங்களில் நடந்திருக்கிறது; கோயில்களும் கிறிஸ்தவச் சபைகளும் இதையே செய்திருக்கின்றன. அண்டை வீட்டார் இதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. பலகை வைக்கும் முன் நிர்வாகிகள் தெருவில் வீடு வீடாகப் போய், வரைபடத்தைக் காட்டி, வெள்ளிக்கிழமை எத்தனை வண்டி வரும் என்று உண்மையான எண்ணிக்கையைச் சொல்லவேண்டும். எங்கள் மண்டபத்துக்கு நாங்கள் அதைச் செய்யத் தவறினோம். அந்தத் தவற்றுக்காக இரண்டு ஆண்டு அலைந்தோம்.

வழிபாட்டுத் தலத்துக்குச் சொத்து வரி கிடையாது, அந்தச் சுமை நம்மீது விழும் என்கிறார்களே?

2004ஆம் ஆண்டின் 6ஆம் எண் மாநகரச் சொத்துவரிச் சட்டப்படி பொது வழிபாட்டுக்குப் பயன்படும் சொத்துக்கு வரி விலக்கு உண்டு. நம் கோயிலும் அந்த விலக்கில்தான் இருக்கிறது.

தீர்ப்பாயத்தின் முடிவு பிடிக்கவில்லையென்றால் என்ன வழி?

முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் மாநகராட்சியின் மேல்முறையீட்டு அதிகாரத்திடம் முறையிடலாம்; விண்ணப்பித்தவருக்கும், முறைப்படி எதிர்ப்புப் பதிவு செய்தவருக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. காலக்கெடுவுக்குள் கடிதம் தராமல் வாட்ஸ்அப்பில் மட்டும் எதிர்த்தவருக்கு இந்த வழி எளிதில் திறக்காது. அதற்குப் பின் உயர் நீதிமன்றத்தில் நிர்வாக முடிவை மறுஆய்வு செய்யக் கோரலாம். 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டப்படி தாமதமின்றியும் எப்படியும் 180 நாளுக்குள்ளும் அதைத் தொடங்கவேண்டும். நீதிமன்றம் பள்ளிவாசல் நல்லதா கெட்டதா என்று பார்க்காது. முடிவெடுத்த முறை சரியா, பொருத்தமான காரணங்களைக் கருதினார்களா, பொருத்தமற்றவற்றைத் தள்ளினார்களா என்று பார்க்கும். மதத்தைக் காரணமாகக் கொண்டு அனுமதி மறுக்கப்பட்டிருந்தால் அந்த முடிவு நிற்பது கடினம்.

மதப் பாகுபாடு நடந்ததாகக் கருதுவோர் சமத்துவ நீதிமன்றத்தை நாடலாம். மனித உரிமைகள் ஆணையத்திடம் புகார் தரச் செலவு இல்லை. பண்பாட்டு, மத, மொழிச் சமூகங்களின் உரிமைக்கான ஆணையம் ஒன்றும் அரசியலமைப்பின்படியே இயங்குகிறது. சமூகங்களுக்கிடையே பேச்சுவார்த்தைக்கு அதை அணுகலாம். என் அனுபவத்தில், வழக்கறிஞர் கடிதம் போகும் முன் இரு தரப்பின் பெரியவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசிய இடங்களில் நிபந்தனைகள் விரைவில் முடிவாகின்றன.

வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதற்கும் சட்டம் பாயுமா?

பாயலாம். 2000ஆம் ஆண்டின் 4ஆம் எண் சமத்துவச் சட்டத்தின் 10ஆம் பிரிவு வெறுப்புப் பேச்சைத் தடைசெய்கிறது. மனத்தைப் புண்படுத்தும் பேச்சு என்ற அளவிலேயே அது வெறுப்புப் பேச்சாகாது என்று 2021இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அப்பிரிவைச் சுருக்கியது. ஆனால் தீங்கிழைக்கவோ தீங்கைத் தூண்டவோ, அதோடு வெறுப்பைப் பரப்பவும் தெளிவான நோக்கத்தோடு எழுதப்பட்டது என்று நியாயமாகக் கொள்ளத்தக்கவை இன்னும் அதற்குள் வருகின்றன. குழு நிர்வாகிகள் இதை அறிந்திருப்பது நல்லது.

ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டேன். இப்போது என்ன செய்வது?

பலர் இதைத் தனியாக வந்து தயக்கத்தோடு கேட்கிறார்கள். கடிதம் முழுவதையும் படிக்காமல், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், சங்கத்து அண்ணன் சொன்னார் என்று பெயரைத் தந்திருப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பலகையில் உள்ள விண்ணப்ப எண்ணையும் மனை எண்ணையும் குறிப்பிட்டு, ‘இன்ன தேதியிட்ட எதிர்ப்பிலிருந்து என் பெயரை விலக்கிக்கொள்கிறேன்’ என்று மாநகராட்சியின் திட்டப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கிடைத்ததாகப் பதில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்தம், வடிகால், ஒலி பற்றி உண்மையான கவலை இருந்தால், அதை மட்டும் உங்கள் சொந்தச் சொற்களில் வேறு கடிதமாக, கடைசி நாளுக்குள் எழுதுங்கள். தமிழில் எழுதித் தந்தால் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரக் கோயில் அலுவலகத்தில் சனிக்கிழமை காலை ஒருவர் இருப்பார்.